வண்டிக்கு எஃப்.சி. இருக்கு… டிரைவருக்கு?

என் சித்தப்பா குட்டி யானை ஓட்டுகிறார். (வெளியூர் நண்பர்களுக்கு: டாடா ஏஸ் என்கிற சின்ன லோடு வண்டிக்கு நம்ம ஊரில் அதுதான் பெயர்.) மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டாண்டில் வண்டி நிற்கும். வீடு மாற்றுகிறவர்கள், தி.நகரில் கட்டில் பீரோ வாங்குகிறவர்கள், கல்யாண மண்டபத்துக்கு பாத்திரம் அனுப்புகிறவர்கள் என்று மயிலாப்பூர், அடையார் ஏரியாவில் நிறைய பேர் வீட்டு சாமான் அவர் வண்டியில் ஒரு தடவையாவது ஏறியிருக்கும். நான் பி.காம் படிக்கக் கட்டுகிற ஃபீஸில் பாதி அந்த வண்டியில் இருந்துதான் வருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

போன வருஷம் அடையாரில் ஒரு ஃப்ளாட்டில் வீடு காலி செய்கிற வேலை. மூன்றாவது மாடி, லிஃப்ட் சின்னது. இரும்பு பீரோவைப் படி வழியாக இறக்கினார்கள். சித்தப்பா டிரைவர்தான், லோடுமேன் இல்லை. ஆனால் ஒரு ஆள் வரவில்லை என்றால் டிரைவரும் கை கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். இரண்டாவது மாடி திருப்பத்தில் கயிறு நழுவி பீரோ அவர் வலது கால் மேல் இறங்கிவிட்டது. கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அரசு ஆஸ்பத்திரியில் பிளேட், ஸ்க்ரூ எல்லாம் வைத்து ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்ததால் கையில் இருந்து பெரிதாக எதுவும் செலவாகவில்லை. நல்ல டாக்டர்கள், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "மூணு மாசம் வண்டி ஓட்டக் கூடாது."

சித்தப்பா ஏழாவது வாரம் வண்டியை எடுத்துவிட்டார்.

ஏன் என்று கேட்காதீர்கள். வீட்டு வாடகை, வண்டி இன்சூரன்ஸ், தினமும் சாயந்திரம் வந்து நிற்கிற தண்டல்காரர். சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே "போய்ட்டு வாங்க" என்று சொன்ன மாதிரிதான் இருந்தது.

எட்டாவது வாரத்தில் இன்னொரு தலைவலி. பேட்ஜ் லைசென்ஸ் ரினிவல் தேதி வந்துவிட்டது. அதற்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். ஆன்லைன் வேலையெல்லாம் எனக்குத்தான் வரும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஒரு கிளினிக். டாக்டர் பெயரோ, தெருப் பெயரோ வேண்டாம். வாசலில் எங்களை மாதிரி ஏழெட்டு பேர். உள்ளே போனதும், "பேட்ஜ் ரினிவலா?" என்றார். "ஆமா சார்." "கண்ணாடி போடுவியா?" "இல்ல சார்." "சுகர்?" "இல்ல சார்." கையெழுத்து, சீல், 300 ரூபாய். அடுத்த ஆள்.

சித்தப்பா நொண்டிக்கொண்டே உள்ளே போனார், நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவர் பார்க்கவே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். "அப்பாடா, வேலை முடிஞ்சுது" என்று லஸ் முனையில் ஆளுக்கு ஒரு காபி குடித்தோம்.

அந்த சந்தோஷம் நான்கு நாள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூட வண்டியில் போனேன். ஆர்.கே. மடம் ரோடு, மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து ரோடே பாதியாகிப்போன இடம். ஒரு சின்னப் பெண், ஏழு எட்டு வயது இருக்கும், அம்மா கையை உதறிவிட்டுக் குறுக்கே ஓடியது. சித்தப்பா பார்த்துவிட்டார், நானும் பார்த்துவிட்டேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. பாதத்தை நகர்த்தி பிரேக்கில் வைக்க முடியாமல், தொடையிலிருந்து மொத்தக் காலையும் தூக்கி பிரேக் மேல் போட்டார். வண்டி நின்றது. அந்தப் பெண்ணுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கலாம். அவ்வளவுதான்.

அம்மாக்காரி திட்டிவிட்டுப் போனார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் முகம் வலியில் வெளுத்துப் போயிருந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் ஃபைலில் அந்த சர்டிஃபிகேட்டின் ஜெராக்ஸ் இருந்தது. 'ஃபிட்'.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஃபார்ம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் இரண்டு ஃபார்ம் இருக்கிறது. ஃபார்ம் 1 என்பது நாமே நம்மைப் பற்றிக் கொடுக்கிற உறுதிமொழி. வலிப்பு உண்டா, மாலைக்கண் உண்டா, 25 மீட்டர் தூரத்தில் இருக்கிற நம்பர் பிளேட் தெரிகிறதா, கை காலில் அசைவோ பலமோ குறைந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். ஃபார்ம் 1ஏ என்பது டாக்டர் கொடுப்பது. 40 வயது தாண்டியவர்களுக்கும், வயது எதுவானாலும் பேட்ஜ் லைசென்ஸ் எடுப்பவர்களுக்கும் இது கட்டாயம்.

அந்த ஃபார்ம் 1ஏ-வை நான் முழுசாகப் படித்தேன். (டாக்டரை விட நான்தான் அதிக நேரம் படித்திருப்பேன்!) மோசமான ஃபார்ம் என்று சொல்லவே முடியாது. தூரப் பார்வை, காது கேட்கும் திறன், கை கால்களின் நிலை, மூட்டுகளின் நிலை எல்லாவற்றையும் நேரில் பரிசோதித்தேன் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டு என்கிற வார்த்தையே அதில் இருக்கிறது! சித்தப்பாவின் கணுக்கால் மூட்டைத் தொட்டே பார்க்காமல் ஒருவர் அதற்குக் கீழே சீல் வைத்திருக்கிறார்.

இதையே வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. எடுக்க வேண்டும். எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம். சித்தப்பா வண்டிக்குப் பத்து வயதாகிறது. எஃப்.சி. வருகிற மாதம் வீட்டில் கல்யாண வேலை மாதிரி நடக்கும். பட்டி பார்த்து பெயிண்ட், புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பிரேக் ஷூ மாற்றுவது, லைட், ஹார்ன், டயர்… ஒன்று சரியில்லை என்றாலும் "போய்ட்டு சரி பண்ணிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பயந்துகொண்டாவது செய்வார்.

டிரைவருக்கு? 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் பேட்ஜ் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. நடுவில் கால் முறிந்தாலும், தோள்பட்டை இறுகிப் போனாலும், ஒரு கண் மங்கினாலும் அடுத்த ரினிவல் வரை யாரும் அவரைக் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க" என்று கேட்கப் போவதில்லை. பிரேக் ஷூவை வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்த பிரேக்கை மிதிக்கிற காலை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் பார்க்காமலே பார்க்கிறோம்.

இன்னொரு விஷயம். 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை சாதாரண கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், தனியாக பேட்ஜ் தேவையில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. பேட்ஜ் இல்லை என்று காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனிகள் நஷ்ட ஈட்டிலிருந்து நழுவுவது இதனால் நின்றது. நல்லதுதான். ஆனால் இதன் மறுபக்கம், 22 வயதில் கார் லைசென்ஸ் எடுத்த ஒரு பையன் 40 வயது வரை லோடு வண்டி ஓட்டலாம், அதுவரை ஒரு டாக்டர் சர்டிஃபிகேட்கூடத் தேவைப்படாது. தன்னைப் பற்றித் தானே கொடுத்த உறுதிமொழி மட்டும்தான்.

சரி, கணுக்கால் கொஞ்சம் இறுகினால் அவ்வளவு பெரிய விஷயமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2003-ல் அமெரிக்காவில் எலும்பு டாக்டர்கள் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். வலது கணுக்கால் முறிந்து ஆபரேஷன் ஆனவர்களை டிரைவிங் சிமுலேட்டரில் உட்கார வைத்து, பிரேக் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் சரியாகவில்லை. ஒன்பதாவது வாரத்தில்தான் சாதாரண ஆட்களின் அளவுக்கு வந்தது. அது சராசரி. நாள் முழுக்க லோடு ஏற்றி இறக்குகிற 46 வயது மனிதருக்கு இன்னும் அதிகமாகவே ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் என்பதை தூரமாக மாற்றிப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். பிரேக்கில் கால் போக அரை வினாடி தாமதமானால் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். கிட்டத்தட்ட இரண்டு ஆட்டோ நீளம். ஆர்.கே. மடம் ரோட்டில் எங்களுக்கு இருந்தது ஒரு முழம். அன்றைக்கு மெட்ரோ தகரத்தால் டிராஃபிக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. வேகம் இருந்திருந்தால்… வேண்டாம், அதை எழுதவே கை வரவில்லை.

இதைப் படித்ததும் உங்களில் சிலர் சொல்லப் போவது தெரியும். "டாக்டர் லைசென்ஸைப் பிடுங்கணும், டெஸ்டைக் கடுமையாக்கணும், இந்த மாதிரி ஆளுங்களை ரோட்டுக்கே விடக் கூடாது." நியாயமான கோபம்தான். ஆனால் அதோடு விட்டால் நாம் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறோம். காமர்ஸ் ஸ்டூடண்ட் என்பதால் மீதிக் கணக்கை நான் போடுகிறேன்.

சித்தப்பாவுக்கு எல்லா செலவும் போக ஒரு நாளைக்குக் கையில் நிற்பது சுமார் 900 ரூபாய். வாரம் ஆறு நாள். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் பாதியை வீட்டில் இருந்துவிட்டார். மீதி ஆறு வாரம் என்றால் 36 நாள், 32,400 ரூபாய். அதாவது, "என் கால் இன்னும் சரியாகலை" என்று உண்மையைச் சொல்வதன் விலை 32,400 ரூபாய். "சரியாயிடுச்சு" என்று பொய் சொல்வதன் விலை 300 ரூபாய். இப்படி ஒரு ரேட் கார்டு வைத்துவிட்டு உண்மை வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டால் எப்படி?

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். வண்டி இன்சூரன்ஸோடு ஓனர்-டிரைவருக்குக் கட்டாயமாக 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்த்து எடுக்கிறோம். உயிர் போனால் முழுத் தொகை. இரண்டு கைகால் போனால் முழுத் தொகை. ஒரு கை அல்லது ஒரு கால் போனால் பாதி. நிரந்தரமாக முழுசாக முடங்கினாலும் உண்டு. ஆனால் மூன்று மாதம் மடங்காத கணுக்காலுக்கு அதில் ஒரு வரி கிடையாது. அதோடு, வண்டி ஓட்டும்போதோ ஏறி இறங்கும்போதோ அடிபட்டிருக்க வேண்டும். படியில் பீரோ விழுந்ததெல்லாம் கணக்கில் வராது. ஆஸ்பத்திரிச் செலவை அரசுத் திட்டம் பார்த்துக்கொண்டது. ஆக, காலுக்குக் காப்பீடு இருந்தது. அந்தக் காலால் வருகிற வருமானத்துக்கு இல்லை.

இதே காயம் ஒரு அரசு பஸ் டிரைவருக்குப் பட்டிருந்தால் கதையே வேறு. கோர்ட் தீர்ப்புகளைத் தேடியபோது இதில் ஒரு பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது.

1991-ல் ராஜஸ்தான் அரசு பஸ் டிரைவர்கள் வழக்கு, ஆனந்த் பிஹாரி வழக்கு என்பார்கள். பல வருஷம் ஓட்டியபின் கண் பார்வை குறைந்துவிட்டது என்று டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தத் தொழில்தானே அவர்கள் கண்ணைக் கெடுத்தது, அதற்கு மாற்று வேலை கொடுங்கள், முடியாவிட்டால் கூடுதல் நஷ்ட ஈடு கொடுங்கள் என்று ஒரு திட்டமே வகுத்துக் கொடுத்தது. 1995-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 47-வது பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியும் குறைக்கக் கூடாது என்றது. அதை வைத்து 2006-ல் நம்ம சென்னை உயர் நீதிமன்றம், நிறக்குருடு என்று வெளியே அனுப்பப்பட்ட மதுரை அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர் ஒருவருக்கு மாற்று வேலை கொடுக்கச் சொன்னது. இப்போது 2016 சட்டத்திலும் அதே பாதுகாப்பு இருக்கிறது. 2025 ஆகஸ்டில்கூட, தெலங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கு நிறக்குருடு என்று கட்டாய ஓய்வு கொடுத்ததை உச்ச நீதிமன்றம் தவறு என்று சொல்லி, வேறு வேலை கொடுக்க உத்தரவிட்டது.

கவனித்தீர்களா? இந்தத் தீர்ப்புகள் எதிலும் "பார்வை சரியில்லாதவரே பஸ் ஓட்டட்டும்" என்று கோர்ட் சொல்லவில்லை. ஓட்ட வேண்டாம், ஆனால் சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்கள் என்றுதான் சொல்கிறது. ரோட்டில் போகிறவருக்கும் பாதுகாப்பு, டிரைவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு. இரண்டும் ஒரே தீர்ப்பில்!

தனியார் முதலாளியிடம் வேலை செய்கிற டிரைவருக்கு 1923-லேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அதில் ஒரு நல்ல தீர்ப்பு, 2008. டேங்கர் லாரி டிரைவர் ஒருவருக்கு விபத்தில் வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. உயர் நீதிமன்றம் 65 சதவீத இழப்பு என்று குறைத்தது. உச்ச நீதிமன்றம், அவரால் இனி லாரி ஓட்டவே முடியாது, ஆகவே சம்பாதிக்கும் திறனில் இழப்பு 100 சதவீதம் என்று திருத்தியது. 2011-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதை இன்னும் அழகாக விளக்கினார்கள். இடது கை போனால் உடம்பளவில் ஊனம் 60 சதவீதம் என்று டாக்டர் சொல்லலாம். ஆனால் அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். அவரே அரசு அலுவலக கிளார்க்காக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். ஒரே கை, விலை வேறு வேறு. கிளாஸில் ஒரு அசெட்டின் மதிப்பை அது ஈட்டித் தரும் வருமானத்தை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தபோது புரியாதது, இந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

என் சித்தப்பா அரசு ஊழியரும் இல்லை, யாரிடமும் சம்பளத்துக்கும் இல்லை. அவரே ஓனர், அவரே டிரைவர், தேவைப்பட்டால் அவரே லோடுமேன். அவரைக் காப்பாற்ற ஒரு தீர்ப்பும் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவர், சொந்த காரில் கால் டாக்சி ஓட்டுகிறவர் எல்லாருக்கும் இதே கதைதான். சென்னை ரோட்டில் நம் பக்கத்தில் ஓடுகிற வண்டிகளில் பல இவர்களுடையவை.

"உடம்பைப் பார்த்துக்க வேண்டியது அவன் பொறுப்பு" என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு. 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டரும் அவர் குழுவும் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற டிரைவர்களுக்கு வந்த அளவுக்கு, படி ஏறி இறங்குகிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு வரவில்லை. ஒரே பஸ், ஒரே ரோடு, சீட்டு மட்டும் வேறு. இந்தத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைத் தின்கிறது. 29சி-யிலோ 5பி-யிலோ முன் சீட்டில் உட்கார்ந்து, பழைய பஸ்ஸின் இன்ஜின் சூடு காலில் அடிக்க டிரைவர் கிளட்ச் மிதிப்பதை ஒரு தடவை பாருங்கள். ஆய்வே தேவையில்லை.

சரி, என்னதான் செய்வது? எனக்குத் தோன்றியது மூன்று.

ஒன்று, அந்த ஃபார்மில் 'ஃபிட்', 'அன்ஃபிட்' என்று இரண்டே முடிவு இருக்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: "இத்தனை வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்" அல்லது "இந்த மாதிரி வண்டி மட்டும் ஓட்டலாம்". அமெரிக்காவில் கை கால் இழந்த லாரி டிரைவர்கூட, செயற்கை உறுப்போ மாற்றியமைத்த வண்டியோ வைத்துக்கொண்டு நேரில் ஓட்டிக் காட்டித் தனிச் சான்றிதழ் வாங்கலாம். ஊனம் என்ன என்பதை விட, அதை வைத்துக்கொண்டு ஓட்ட முடிகிறதா என்று பார்க்கிறார்கள். நம் ஃபார்மும் கல்லில் செதுக்கியதில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு இதே ஃபார்ம் 1-ஐயும் 1ஏ-வையும் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று மாற்றியது. நிறத்துக்குச் செய்ததை மூட்டுக்குச் செய்ய முடியாதா?

இரண்டு, பரிசோதனை ரினிவல் தேதியைப் பார்த்து வரக் கூடாது, காயத்தைப் பார்த்து வர வேண்டும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே, அந்தக் காலைத் தெரிந்த டாக்டரே, கடைசி செக்கப்பில் "இனி ஓட்டலாம்" என்று எழுதிக் கொடுக்கட்டும். அந்த டாக்டருக்கு 300 ரூபாய் தேவையில்லை, பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பள்ளி வாகனங்களுக்கு வருஷா வருஷம் மே மாதம் சோதனை நடத்தும்போது பல இடங்களில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாமும் சேர்த்து நடத்துகிறார்கள். ஆகவே முடியாத காரியம் இல்லை. அந்தப் பள்ளி வாகன விதிகளே எப்படி வந்தன? 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஒரு ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்த பிறகு. அந்த பஸ்ஸுக்கும் எஃப்.சி. இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு குழந்தை போன பிறகுதான் நாம் ஃபார்மைத் திருத்த வேண்டுமா?

மூன்று, இதுதான் முக்கியம், உண்மை சொல்கிறவருக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள ஒரு தொழிலாளி உடம்பு முடியாமல் இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. 91 நாள்! என் சித்தப்பாவுக்கு டாக்டர் சொன்ன அதே மூன்று மாதம். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்றே ஒரு நல வாரியம் இருக்கிறது. விபத்தில் இறந்தால், உறுப்பு இழந்தால், பிள்ளைகள் படித்தால் உதவி உண்டு. அதே வாரியத்தில், "இத்தனை வாரம் ஓட்டக் கூடாது" என்று அரசு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அத்தனை வாரத்துக்கு ஒரு தினப்படி என்று சேர்க்கலாமே. பணம் எங்கிருந்து வரும்? வண்டி இன்சூரன்ஸ் பிரீமியத்தோடு ஒரு சின்னத் தொகை சேர்த்து வசூலிக்கலாம். விபத்து குறைந்தால் கடைசியில் லாபம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும்தானே.

இந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? டெஸ்ட் கடுமையாகும். 300 ரூபாய் 3,000 ரூபாய் ஆகும். அவ்வளவுதான். பசிக்கிறவனுக்கு வைக்கிற பரீட்சையில் அவன் காப்பி அடிக்கத்தான் செய்வான்.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி சித்தப்பாவிடம் சொன்னேன். முதலில் கோபம் வந்தது. "டேய், எனக்கு ஓட்டத் தெரியாதா? 20 வருஷமா ஓட்டறேன்டா." கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அந்தப் பொண்ணு தினமும் கனவுல வருதுடா" என்றார்.

மறுநாள் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டாண்டில் இன்னொரு டிரைவருக்கு ஒரு மாதம் கொடுத்தார். கிடைத்ததில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. சித்தி சீட்டுப் பணத்தை முன்கூட்டியே தள்ளி எடுத்தார். என் செமஸ்டர் ஃபீஸ் ஃபைனோடு லேட்டாகக் கட்டினோம். சித்தப்பா தினமும் ஃபிசியோதெரபிக்குப் போனார். இப்போது பாதம் நன்றாகவே மடங்குகிறது. திரும்ப வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு விடியற்காலை பட்டினப்பாக்கம் பக்கம் காலி ரோட்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்து திடீர் திடீரென்று "பிரேக்!" என்று கத்தினேன். பதினைந்து தடவை. பதினைந்து தடவையும் சட்டென்று நின்றது. அவருக்கு நடந்த ஒரே உண்மையான மெடிக்கல் டெஸ்ட் அதுதான். டெஸ்ட் பண்ணியது ஒரு பி.காம் பையன்!

முதலில் சொன்னேன் இல்லையா, என் ஃபீஸில் பாதி அந்த வண்டி என்று. அந்த 300 ரூபாய் சர்டிஃபிகேட்டில் சீல் வைத்தது டாக்டர். ஆனால் அதனால் லாபம் அடைந்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன். நீங்களும் இருக்கலாம். போன தடவை வீடு மாற்றும்போது வந்த டிரைவர் நொண்டினாரா என்று யோசித்துப் பாருங்கள். நாம் யாரும் கேட்டிருக்க மாட்டோம். நமக்கு பீரோ இறங்கினால் போதும்.

சித்தப்பாவுக்கு அடுத்த ரினிவல் ஐந்து வருஷம் கழித்து. அப்போது அவருக்கு 50 தாண்டியிருக்கும், முழங்காலோ முதுகோ ஏதாவது ஒன்று தகராறு பண்ணும். அதற்குள் அந்த ஃபார்மில் மூன்றாவது கட்டம் வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குள் நான் வேலைக்குப் போயிருப்பேன். கட்டம் வராவிட்டாலும் உண்மை சொல்ல ஆகிற செலவை அந்தத் தடவை நான் கொடுத்துவிடுவேன். ஆனால் ஸ்டாண்டில் இருக்கிற எல்லா டிரைவருக்கும் பி.காம் படித்த பிள்ளை இருக்காது, இல்லையா?

டிஸ்கி: டாக்டர்கள் எல்லாருமே இப்படி என்று நான் சொல்லவில்லை. சித்தப்பா காலை நிமிர்த்தியதும் ஒரு டாக்டர்தான். "மூணு மாசம் ஓட்டாதே" என்று உண்மையைச் சொன்னவரும் அவர்தான். அவர் சொன்னதைக் கேட்கிற வசதிதான் எங்களிடம் இல்லை.